வண்டி நிழலில், பேனல் வெயிலில்

தமிழ்நாட்டில் சாலையோரம் நின்று பிழைக்கிற எந்த வண்டியும் முதலில் தேடுவது மரத்தடியைத்தான். ஏனாத்தூரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாலையானாலும் சரி, காஞ்சிபுரத்துக் கோயில் வீதியானாலும் சரி, இஸ்திரி வண்டியும் டிபன் வண்டியும் இளநீர் வண்டியும் ஒரு வேப்ப மரத்தையோ புளிய மரத்தையோ பிடித்துக்கொண்டுதான் நிற்கும். பத்து மணிக்கு மேல் அந்த நிழல் இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை. வாடிக்கையாளர் நிற்கமாட்டார், நாள் முழுக்க நிற்க வேண்டிய வண்டிக்காரரின் உடம்பும் தாங்காது.

சூரிய மின் பேனலுக்குத் தேவை இதற்கு நேர் எதிர். ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் அதன் வேலை கெட்டுப்போகும். நகரும் வண்டியில் ஒரு பேட்டரியை வைத்து, அதைச் சூரியனிடமிருந்து நிரப்ப நினைக்கிற எல்லோரும் இந்த முரணில்தான் வந்து நிற்கிறார்கள். மேலை நாடுகளில் காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாப் படப்பிடிப்பில் நிற்கிற பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும், அதற்கு டீசல் ஜெனரேட்டர் இருக்கும். அவர்களுடைய இழுவை வீட்டில் விளக்கும் மின்விசிறியும் தண்ணீர்ப் பம்பும் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் ஓடுகின்றன. கோடையில் அந்த வீட்டை மரநிழலில் நிறுத்தத்தான் யாருக்கும் மனம் வரும். கூரையில் பதித்த பேனல் அங்கே பயன்படாது. அதனால் அவர்கள் கையில் தூக்கிப்போகிற பேனலை வைத்துக்கொள்கிறார்கள்: வண்டி நிழலில் நிற்கும், பேனல் பத்து மீட்டர் தள்ளி வெயிலில் கிடக்கும், இடையே ஒரு வயர் ஓடும். அந்தப் பத்து மீட்டரில் நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

இந்த எண்ணம் நமக்கு அந்நியமானதல்ல. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், இஸ்திரிப் பெட்டிக்காக எரிக்கிற கரியைப் பார்த்து, கூரையில் சூரிய பேனல் வைத்த இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். 2020-ல் ஸ்வீடனிலிருந்து வழங்கப்படும் சிறுவர் காலநிலைப் பரிசு அதற்குக் கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் அவர் பேசினார். அவர் எடுத்துக்கொண்டது மிகக் கடினமான வேலை என்பதைச் சொல்ல வேண்டும். சூடாக்குவதுதான் மின்சாரத்தை அதிகம் தின்கிற காரியம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால் 83 ஆம்பியர் பாய வேண்டும், அதற்கு விரல் கனமுள்ள வயர் வேண்டும். விளக்கு, சின்ன மின்விசிறி, செல்போன், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி ஆகியவற்றுக்கு இதில் ஒரு சிறு பங்கு போதும். இந்த அத்தியாயம் அந்த எளிய தேவைகளைப் பற்றியது.

முதலில் வோல்ட். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள், காஞ்சிபுரமும் அதில் அடங்கியிருந்தது. ஏரியின் நீர்மட்டம் வயலைவிட உயர்ந்திருந்தால்தான் மடையைத் திறந்ததும் தண்ணீர் பாயும். பேனலின் வோல்ட் ஏரி மட்டம், பேட்டரியின் வோல்ட் வயல் மட்டம். ஓய்வில் இருக்கும் நிறைந்த ஈய-அமில பேட்டரி 12.7 வோல்ட் காட்டும். ஆனால் அதை முழுதாக நிரப்பி முடிக்க ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை ஏற்ற வேண்டும். இதனால்தான் 12 வோல்ட் பேனல் என்று கடையில் விற்பது உண்மையில் 12 வோல்ட் தருவதில்லை. 36 சிலிக்கான் செல்களை வரிசையாகக் கோத்து, முழுத் திறனில் 18 வோல்ட் தரும்படி செய்திருப்பார்கள். எதனோடும் இணைக்காமல் வெயிலில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 21, 22 வோல்ட் காட்டும். இந்த 18-க்கும் 14.4-க்கும் இடையே இருக்கிற 3.6 வோல்ட்தான் நம் கையிருப்பு. பத்து மீட்டர் வயரும் சித்திரை வெயிலும் இந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

வெயிலைச் சொல்லும்போது பலர் வியப்பார்கள். வெயில் கூடக் கூட பேனல் கூடுதலாகத் தரும் என்றுதானே நினைப்போம்? ஒளி கூடினால் ஆம்பியர் கூடும், அது உண்மை. ஆனால் சூடு கூடினால் வோல்ட் குறையும். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கிற 100 வாட் என்ற எண், செல்லின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. காஞ்சிபுரத்தில் மே மாத நண்பகலில், காற்றில்லாமல் தரையில் கிடக்கிற பேனலின் செல் 65 டிகிரிக்குப் போவது சாதாரணம். ஒவ்வொரு டிகிரிக்கும் இந்த 36 செல் பேனலின் வேலை வோல்ட் ஏறத்தாழ 0.075 குறையும். நாற்பது டிகிரி ஏற்றத்துக்கு 3 வோல்ட். 18 என்று நம்பியிருந்தது 15 ஆகிவிடுகிறது. கையிருப்பில் மிஞ்சியது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்.

சிலிக்கான் சூரிய செல் பிறந்த கதையை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் மூவரும் அதை 1954 ஏப்ரல் 25 அன்று உலகுக்குக் காட்டினார்கள். விழுகிற ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. சேப்பினுக்குக் கொடுக்கப்பட்ட வேலையின் தொடக்கம் என்ன தெரியுமா? வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசிக்கு வைத்த உலர் பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின, அதற்கு மாற்று வழி தேட வேண்டியிருந்தது. மறு ஆண்டே, 1955-ல், ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற ஊரில் கிராமத் தொலைபேசிக் கம்பி ஒன்றில் அதைப் பொருத்திச் சோதித்தார்கள். நம்மைப் போன்ற வெப்ப பூமியை மனத்தில் வைத்துத் தேடியபோது கிடைத்த பொருள், வெப்பத்தில்தான் கொஞ்சம் தளர்கிறது. இதற்கு மருந்து எளிது. பேனலைத் தரையில் படுக்கவைக்காமல் கால் கொடுத்து நிறுத்தி, பின்பக்கம் காற்று ஓட விட்டால் பல டிகிரி குறையும். தார்ச் சாலையின் மேல் வைக்கவே கூடாது.

அடுத்தது வயர். வீட்டு விளக்குக்கு இழுக்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத்தான் பெரும்பாலோர் கையில் எடுப்பார்கள். பத்து மீட்டர் தூரம் என்றால் போக ஒன்று, வர ஒன்று, ஆக இருபது மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ கால் ஓம். 100 வாட் பேனல் தருகிற 5.5 ஆம்பியர் அதில் ஓடும்போது 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். வீட்டில் 230 வோல்ட்டில் 1.4 போனால் யாருக்கும் தெரியாது. இங்கே மிஞ்சியிருந்ததே அரை வோல்ட். ஆகவே நண்பகலில், வெயில் உச்சத்தில், பேட்டரி 14.4-ஐ முழு ஆம்பியரோடு எட்ட முடியாது. ஆம்பியர் குறைந்து, கடைசிக் கட்டம் இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் மாலையாகிவிடும். நாள்தோறும் இப்படிப் பாதி வயிறாகவே கிடக்கிற ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகும். ஒரு வருடத்தில் பேட்டரி போய்விட்டது, கம்பெனி சரியில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்குக் கெட்டது பேட்டரி அல்ல, வயர். 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வயரில் மிச்சம் பிடிக்கிற பணத்தை இரண்டு மடங்காகப் பேட்டரியில் கொடுக்க வேண்டிவரும்.

இனி, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே உட்காருகிற சார்ஜ் கன்ட்ரோலர். பேட்டரி காலியாக இருக்கும்போது வருவதையெல்லாம் உள்ளே விடுவது, 14.4 வந்ததும் அதற்கு மேல் ஏறாமல் பிடித்து ஆம்பியரைக் குறைப்பது, நிறைந்ததும் 13.6 அளவில் தாங்கி நிற்பது, இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்கு மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுப்பது, இவ்வளவும் அதன் வேலை. இதை எங்கே வைப்பது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. மடித்து எடுத்துச் செல்கிற பேனல்கள் பலவற்றில் கன்ட்ரோலரைப் பேனலின் முதுகிலேயே ஒட்டி விற்கிறார்கள். பார்க்க வசதி. ஆனால் கன்ட்ரோலர் தன் வாசலில் இருக்கிற வோல்ட்டைத்தான் அறியும். அங்கே 14.4 காட்டும்போது, பத்து மீட்டர் தள்ளி வண்டிக்குள் இருக்கிற பேட்டரியில் 13-தான் இருக்கும். நிறைந்துவிட்டது என்று நினைத்து அது கையை இழுத்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு தீங்கும் சேர்கிறது. ஈய-அமில பேட்டரி சூடாக இருந்தால் குறைந்த வோல்ட்டிலேயே நிரப்பி நிறுத்த வேண்டும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.025 வோல்ட் கணக்கில். நல்ல கன்ட்ரோலர்கள் தங்கள் உடம்பின் சூட்டைப் பார்த்து இந்தத் திருத்தத்தைச் செய்யும். பேனலின் முதுகில் 60 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் கன்ட்ரோலர், பேட்டரியும் 60 டிகிரியில் இருப்பதாக எண்ணி, முக்கால் வோல்ட்டுக்கு மேல் குறைத்துவிடும். நிழலில் இருக்கிற பேட்டரி பட்டினி கிடக்கும். ஆகவே கன்ட்ரோலர் இருக்க வேண்டிய இடம் வண்டிக்குள், பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள். நீளமான வயர் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே இருக்கட்டும். முதுகில் கன்ட்ரோலர் ஒட்டிய பேனல் ஏற்கனவே வாங்கிவிட்டால், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதைக் கழற்றி வண்டிக்குள் மாற்றிவிடலாம். வண்டியில் ஏற்கனவே ஒரு கன்ட்ரோலர் இருந்தால் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டையும் மாட்டாதீர்கள், ஒன்றை ஒன்று குழப்பும்.

கன்ட்ரோலரில் இரண்டு சாதி உண்டு, கடையில் பி.டபிள்யூ.எம். என்றும் எம்.பி.பி.டி. என்றும் கேட்பார்கள். முதலாவது விலை குறைவு. அது பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவந்துவிடும். 5.5 ஆம்பியரை 13 வோல்ட்டில் பெருக்கினால் 72 வாட்தான், மீதி வீண். இரண்டாவது, பேனலை அதற்குப் பிடித்த வோல்ட்டில் வேலை செய்யவிட்டு, மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். குளிர் நாட்டுக்காரர்கள் இதை விழுந்து விழுந்து பாராட்டுவார்கள், அங்கே பேனல் 18 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். நம் கோடையில் பேனல் 15-க்கு இறங்கிவிடுவதால், ஒற்றை 12 வோல்ட் பேனலில் இதன் ஆதாயம் பத்து வாட் அளவுதான். அதற்காக மட்டும் இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் தூரத்தை வெல்ல எம்.பி.பி.டி.தான் வழி. இரண்டு 100 வாட் பேனல்களைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 11 ஆம்பியர் ஓடும், அதே கால் ஓம் வயரில் 30 வாட் சூடாகிப் போகும். இரண்டையும் வரிசையாகக் கோத்தால் வோல்ட் இரட்டிக்கும், ஆம்பியர் 5.5-லேயே நிற்கும், இழப்பு 8 வாட்டுக்குள் அடங்கும். மின்வாரியம் தொலைதூரக் கோபுரங்களில் லட்சக்கணக்கான வோல்ட்டில் மின்சாரம் அனுப்புவதற்கும் இதே கணக்குதான் காரணம். இப்படி இரட்டித்த வோல்ட்டைப் பேட்டரிக்கு இறக்கித் தர எம்.பி.பி.டி.க்கு மட்டுமே தெரியும். அதன் மேல் எல்லை எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள், இணைக்காத இரண்டு பேனல்கள் சேர்ந்து 44 வோல்ட் வரை காட்டும். வீட்டு மாடியிலிருந்து கழற்றிய 60 செல் பேனல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, பி.டபிள்யூ.எம்.மில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 30 வோல்ட்டில் உழைக்க வேண்டிய பேனலை 13-க்கு இழுத்துவைத்தால் பாதிக்கு மேல் போய்விடும்.

இப்போது நிழல். கூரை பேனலா கைப் பேனலா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. வரிசையாகக் கோத்த செல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால், அது தருகிற ஆம்பியருக்குமேல் மற்ற செல்களும் தர முடியாது. மற்றவை தள்ளும் அழுத்தத்தில் அந்த ஒரு செல் சூடேறிக் கருகவும் கூடும். இதைத் தவிர்க்க, பேனலின் பின்னுள்ள கறுப்புப் பெட்டியில் பதினெட்டுப் பதினெட்டு செல்களுக்கு ஒரு டையோடு வைத்திருப்பார்கள். நிழல் விழுந்த பாதியை ஒதுக்கிவிட்டு மற்றப் பாதியின் மின்சாரம் சுற்றுவழியில் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாதிப் பேனலின் வோல்ட் ஒன்பதுதானே? பேட்டரியோ பன்னிரண்டில் இருக்கிறது. 12 வோல்ட் பேனலில் ஒரே ஒரு செல்லை மறைக்கிற புளியங்கிளை நிழல், பாதி இழப்போடு நிற்காமல் சார்ஜையே ஏறத்தாழ முழுதாக நிறுத்திவிடுவது இதனால்தான். மின்கம்பத்தின் நிழல் நகர்ந்துவருகிற பாதையைக் காலையிலேயே கணித்து பேனலை வைக்க வேண்டும். வெயில் ஏறுமுன் தெருவில் பாவு நீட்டி வேலையை முடிக்கிற நெசவாளர்களின் ஊரில், நிழல் எப்போது எங்கே வரும் என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை.

எந்தப் பக்கம் சாய்ப்பது? தெற்கே பார்த்து வை என்பார்கள். காஞ்சிபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12.8 டிகிரியில் இருக்கிறது. மார்கழியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து 36 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும், அப்போது பேனலைப் படுக்கவைத்தால் நண்பகலிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நமக்கு நேர் உச்சியில் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே போய்விடுகிறது. ஆனி மாதம் பேனலைத் தெற்கே சாய்த்து வைப்பது சூரியனுக்கு முதுகு காட்டுவதாகும். வீட்டுக் கூரையில் ஒருமுறை பூட்டிய பேனல் இதற்கெல்லாம் அசையாது. கையில் தூக்குகிற பேனலைக் காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே என்று நாளுக்கு இரண்டு முறை திருப்பிவைத்தாலே கணிசமாகக் கூடுதல் கிடைக்கும்.

இணைக்கிற வரிசையில் கண்டிப்பு வேண்டும். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் மாட்டுங்கள், அப்போதுதான் தான் 12 வோல்ட்டோடு பேசுகிறோமா 24-ஓடு பேசுகிறோமா என்று அது புரிந்துகொள்ளும். பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், கடைசியாகப் பேட்டரி. மாட்டும் நேரத்தில் பேனலைத் துணியால் மூடிவைப்பது நல்லது, கன்ட்ரோலரில் பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் நின்றால் 22 வோல்ட் நேராக அதன் மேல் ஏறும். பிளஸ் மைனஸை நிறத்தை நம்பி மாட்டாமல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும், ஒற்றை 100 வாட் பேனலுக்கு 10 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். பேனலின் இரு முனைகளை உரசவிட்டால் ஆறு ஆம்பியர்தான் ஓடும், ஆபத்து குறைவு. பேட்டரியின் முனைகள் உரசினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து வயர் தீப்பிடிக்கும். டிபன் வண்டியில் பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர் இருக்கிறது என்பதை நினைத்தால், இந்த ஃப்யூஸை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். ஈய-அமில பேட்டரி நிரம்பும் தறுவாயில் ஹைட்ரஜனும் வெளிவிடும். அதைக் காற்றோட்டமுள்ள தனிப் பெட்டியில், அடுப்புக்கு மறுகோடியில் வையுங்கள்.

ஒரு டிபன் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிடலாம். இரண்டு 9 வாட் எல்.இ.டி. விளக்கு, ஒரு 20 வாட் மின்விசிறி, மாலை ஆறு முதல் பதினொன்று வரை ஐந்து மணி நேரம், அதோடு செல்போன் சார்ஜும் சேர்த்து ஏறத்தாழ 220 வாட்-மணி. நல்ல வெயில் நாளில் 100 வாட் பேனல் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகத் தரும். சூடு, வயர், தூசு, பேட்டரியின் சொந்த இழப்பு எல்லாம் கழித்து 300 வாட்-மணியை நம்பலாம். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும், அது பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் பாதிக் கொள்ளளவே போதும், எடையும் மிகக் குறைவு. ஆனால் கன்ட்ரோலரில் அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கு நிற்காது. வடகிழக்குப் பருவமழை மூடிக்கொண்டால் பேனல் வழக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு தருவதே அரிது. அதற்காக மும்மடங்கு பேட்டரியைச் சுமந்து தள்ளுவதில் அர்த்தமில்லை. மழை நாள்களில் மின்விசிறியை விட்டுவிட்டு விளக்கை மட்டும் ஓட்டி, இரவு வீடு திரும்பியதும் பேட்டரியை வீட்டு கரண்ட்டில், அதற்குரிய சார்ஜரில் போட்டுவிடுவதே சரி. மழைக்குப் பயந்து நாலைந்து நாள் வண்டியை எடுக்காவிட்டாலும் பேட்டரியை நிரப்பித்தான் வைக்க வேண்டும். மூடி திறக்கிற வகையானால் நிரப்பிய பிறகு தண்ணீர் மட்டம் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஒருபோதும் வேண்டாம்.